தலைமறைவில் இருந்து திருச்சபையை நடத்திய சிப்ரியான்

எகிப்தின் மணலுக்கடியில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களில் ஒரு வகை, அப்படியே நம்மூர் தாலுகா ஆபீஸ் விண்ணப்பம் போல இருக்கும். மேலே எந்தக் குழுவுக்கு எழுதுகிறார் என்ற குறிப்பு. அப்புறம் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, அங்க அடையாளம். 1893-இல் முதன்முதலாக அச்சில் வெளியான தாளில் விண்ணப்பதாரருக்கு 72 வயது, வலது புருவத்தில் தழும்பு. அவர் சொல்வது இவ்வளவுதான்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானம் ஊற்றி, பலிப்பண்டத்தைச் சுவைத்தேன், இதற்குச் சான்று தர வேண்டுகிறேன். கீழே, பார்த்தோம் என்று அதிகாரிகளின் கையெழுத்து. தேதி, கி.பி. 250 ஜூன்.

இதுபோல 40-க்கும் மேற்பட்ட தாள்கள் கிடைத்திருக்கின்றன. ரோமப் பேரரசர் டேசியஸ் 249-இன் இறுதியில் போட்ட ஆணையின் விளைவு இது. பேரரசில் உள்ள அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லைகளில் போர், உள்ளே ஆட்சிக்கவிழ்ப்பு என்று பேரரசு ஆடிப்போயிருந்த காலம். தெய்வங்களின் தயவைத் திரும்பப் பெற வேண்டும் என்பது டேசியஸின் கணக்கு. கிறிஸ்தவர்களைக் குறிவைத்தே போட்ட ஆணையா என்பதே விவாதத்துக்குரியது, ஏனென்றால் முதலைத் தெய்வத்தின் கோயில் பூசாரியாக இருந்த பெண் ஒருவரும் இதே சான்றை வாங்கியிருக்கிறார்! ஆனால் யாரைக் குறிவைத்தாலும் வைக்காவிட்டாலும், மாட்டிக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான்.

அந்த ஆணை வந்தபோது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தவர் தாசியுஸ் சிசிலியுஸ் சிப்ரியான். தமிழ்க் கத்தோலிக்கத் திருநாட்காட்டியில் செப்டம்பர் 16-இல் ரோம் ஆயர் கொர்னேலியுவோடு சேர்த்து நினைவுகூரப்படும் அதே சிப்ரியான். திருச்சபை என்றால் என்ன, ஆயர் என்றால் யார், மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு மேற்கத்திய கிறிஸ்தவம் சொல்லும் பதில்களில் பாதிக்கு அவர் கைபட்ட தடம் உண்டு. அந்தப் பதில்கள் அமைதியான நூலகத்தில் பிறக்கவில்லை. சொந்த சபையே சிதறிப்போய், தன் மரியாதையும் கேள்விக்குள்ளான நிலையில், கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதி எழுதி அவர் தேடிக் கண்டவை அவை. அதனால்தான் அவருடைய இறையியலை அவருடைய வாழ்க்கையிலிருந்து பிரித்துப் படித்தால் பாதிதான் புரியும்.

கார்த்தேஜ் இன்றைய துனிசியாவில், துனிஸ் நகரை ஒட்டி இருக்கிறது. அந்தக் காலத்தில் பேரரசின் மேற்குப் பாதியில் ரோமுக்கு அடுத்தபடியாகச் சொல்லக்கூடிய பெருநகரம். லத்தீன் மொழிக் கிறிஸ்தவ இலக்கியம் வேரூன்றியதும் ரோமில் அல்ல, இங்கேதான். சிப்ரியானுக்கு ஒரு தலைமுறை முன்னால் இறையியல் எழுத்தாளர் தெர்த்துல்லியன் இந்த ஊரில் இருந்து எழுதினார். சிப்ரியான் வசதியான குடும்பம். சொல்வன்மை கற்பித்தவர், நல்ல பேச்சாளர், ஊர்ப் பெரிய மனிதர்களோடு பழக்கம். நடுவயதில், 246 வாக்கில், சிசிலியானுஸ் என்ற மூப்பர் (ஆயருக்கு அடுத்த நிலைக் குரு) வழியாகக் கிறிஸ்தவரானார். சொத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். அவர் விற்ற தோட்டம் பின்னாளில் எப்படியோ அவரிடமே திரும்பி வந்தது என்று அவருடைய திருத்தொண்டர் போந்தியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

திருமுழுக்குப் பெற்று இரண்டு மூன்று வருடத்துக்குள், 248 இறுதியிலோ 249 தொடக்கத்திலோ, மக்கள் அவரை ஆயராக்கிவிட்டார்கள். பல ஆண்டுகளாக அங்கே ஊழியம் செய்த மூப்பர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? நேற்று வந்தவர், பணக்காரர், பேச்சாளர், இன்று நமக்குத் தலைவர். ஐந்து மூப்பர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு கடைசிவரை அடங்கவே இல்லை. பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் இந்தப் பழைய புகைச்சல் அடியில் இருந்துகொண்டே இருக்கிறது.

வேத அறிஞர் ஜெரோம் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். சிப்ரியானின் எழுத்தரை இளவயதில் சந்தித்த ஒரு முதியவர் சொன்னதாம்: தெர்த்துல்லியனைப் படிக்காமல் சிப்ரியான் ஒரு நாளையும் விட்டதில்லை, "ஆசானைக் கொடு" என்றுதான் அந்தப் புத்தகத்தைக் கேட்பார். ஆனால் சிப்ரியானின் எழுத்தில் எங்கு தேடினாலும் தெர்த்துல்லியனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பிற்காலத்தில் மொந்தானியர் என்ற பிரிந்துபோன குழுவோடு சேர்ந்துவிட்டவரின் பெயரை ஒற்றுமை பற்றி எழுதும் ஆயர் எப்படி வெளிப்படையாகச் சொல்வார்?

சரி, டேசியஸின் ஆணைக்கு வருவோம். 250 ஜனவரியில் ரோம் ஆயர் ஃபேபியன் இறந்தார். கார்த்தேஜில் "சிப்ரியானைச் சிங்கத்துக்குப் போடு" என்று கூட்டம் கத்தியது. சிப்ரியான் ஊரைவிட்டு மறைந்தார். அவர் சொத்து பறிமுதல் என்று அறிவிப்பு வந்தது. சபையாரோ? அவரே பின்னால் எழுதியது இது: யாரும் கைது செய்யும்வரைகூடப் பலர் காத்திருக்கவில்லை, தாங்களாகவே பொதுமன்றத்துக்கு ஓடினார்கள், பொழுது சாய்ந்துவிட்டதால் அதிகாரிகள் நாளைக்கு வரச்சொன்னபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டு. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். கொஞ்சம் சாமர்த்தியசாலிகள் எதையும் செய்யாமல் பணம் கொடுத்துச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இவர்கள் சீட்டுக்காரர்கள்.

மறைந்திருந்த ஆயருக்கு ரோமிலிருந்து ஒரு அவமானம் வந்து சேர்ந்தது. ஆயர் இறந்துபோன ரோமில் குருக்கள் சேர்ந்து கார்த்தேஜ் குருக்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். உங்கள் ஆயர் ஒதுங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம் என்று நாசூக்காகத் தொடங்கி, நல்ல மேய்ப்பன், கூலிக்கு மேய்ப்பவன் வேறுபாட்டை எடுத்துக்காட்டி, ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இனி நமக்குத்தான் என்கிற தொனியில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் சிப்ரியான் கைக்கும் வந்தது. அவர் கோபப்பட்டு மறுப்பு எழுதவில்லை. பதில் இப்படிப் போனது: அனுப்பியவர் பெயரும் இல்லை, பெறுநர் பெயரும் இல்லை. எழுத்தும் பொருளும் தாளும்கூட எனக்குச் சந்தேகத்தைத் தருகின்றன. யாரோ எதையோ மாற்றியிருக்கலாம். ஆகவே மூலத்தையே திருப்பி அனுப்புகிறேன், உங்களுடையதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதி, அந்தக் கடிதத்தையே ரோமுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். எழுதியவர்கள் என்ன செய்ய முடியும்? எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு அதே குத்தலை மறுபடி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும். கடிதம் எழுதும் கலையில் இவ்வளவு மரியாதையான கன்னத்தறை எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை. அப்புறம் தான் சும்மா இருக்கவில்லை என்பதற்கு ஆதாரமாக, மறைவிடத்திலிருந்து தன் சபைக்கு எழுதிய 13 கடிதங்களின் நகல்களை ரோமுக்கு அனுப்பினார்.

ஓடியது சரியா? சிப்ரியான் சொன்ன நியாயம் இரண்டு. துன்பம் வந்தால் ஒதுங்கிப் போங்கள் என்று கட்டளையிட்டவர் ஆண்டவரே. மேலும், நான் அங்கே நின்றால் கலவரம் பெரிதாகி எல்லோரையும் பாதிக்கும். பிடிபட்டு விசுவாசத்தை அறிக்கையிடுவது முதல் படி என்றால், எச்சரிக்கையாக விலகி ஆண்டவருக்காகக் காத்திருப்பது இரண்டாம் படி என்றும் எழுதினார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் சிறையில் அடிபட்டுக் கிடந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

பிரச்சினை வந்ததே அந்தச் சிறையில் இருந்துதான். சித்திரவதைக்கும் மசியாமல் நின்றவர்களை மக்கள் மிகப் பெரிதாக மதித்தார்கள். பலியிட்டோ சான்று வாங்கியோ விழுந்துபோனவர்கள் இவர்களைத் தேடிப் போய், எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களும் கொடுத்தார்கள். இந்தச் சமாதானச் சீட்டுகள் கொஞ்ச நாளில் கட்டுமீறிப் போயின. "இன்னாரை அவரைச் சேர்ந்தவர்களோடு ஏற்றுக்கொள்ளவும்" என்று சில சீட்டுகளில் இருந்தது. சேர்ந்தவர்கள் என்றால் யார் யார், இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன செய்வது என்று சிப்ரியான் கேட்டார். பெயரைக் குறிப்பிடுங்கள், நீங்கள் நேரில் அறிந்தவர்களை, மனம் வருந்தியவர்களை மட்டும் பரிந்துரையுங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதினார். சிறையில் இருந்த லூசியான் என்பவரோ ஒரு படி மேலே போய், உறுதியாக நின்ற அனைவரின் சார்பிலும், விழுந்தவர் அனைவருக்கும் சமாதானம் தந்துவிட்டோம் என்று ஆயருக்கே அறிவித்துவிட்டார். சிப்ரியானை முதலிலிருந்தே பிடிக்காத மூப்பர்கள் இந்தச் சீட்டுகளை ஏற்று நற்கருணை கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு பக்கம் இரத்தம் சிந்தியவர்கள். மறு பக்கம் தலைமறைவாக இருக்கும் ஆயர். மன்னிக்கும் தகுதி யாருக்கு அதிகம் என்று சாதாரண மனிதரைக் கேட்டால் முதல் தரப்பைத்தான் காட்டுவார். சிப்ரியான் இங்கே பிடித்துக்கொண்ட நிலை: தனிமனிதரின் வீரம் எவ்வளவு பெரிதானாலும் மன்னிப்பு சபையின் பொறுப்பு, சபைக்குப் பொறுப்பாளி ஆயர், ஒரு ஆயரும் தனியாக முடிவு செய்யக்கூடாது, எல்லோரும் கூடி விசாரித்துத்தான் முடிவு. இதில் அவருடைய சொந்த நலனும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிலை இல்லாமல் போயிருந்தால், அடுத்த துன்பத்தில் யார் அதிக அடி வாங்கினாரோ அவரே சட்டம் என்றாகியிருக்கும்.

251-இல் உயிர்த்த ஞாயிறு கழிந்த பிறகு அவர் ஊர் திரும்பினார். ஆப்பிரிக்க ஆயர்கள் கூடினார்கள். சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நெடுங்காலம் தவம் செய்ய வேண்டும், மரணப்படுக்கையில் ஏற்றுக்கொள்ளலாம். இந்தத் தீர்மானத்தை விளக்கி அவர் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு வழக்கறிஞரின் கண் தெரிகிறது. அழைத்ததும் துள்ளிக் குதித்துப் பலியிடப் போனவனையும், நீண்ட நேரம் போராடி வேறு வழியில்லாமல் போனவனையும் ஒன்றாக வைக்க முடியுமா? தன்னோடு மனைவியையும் குத்தகைக்காரர்களையும் இழுத்துப் போனவன் ஒருவன். தான் ஒருவன் மட்டும் போய்க் குடும்பத்தையும், வீட்டில் அடைக்கலம் புகுந்தவர்களையும் காப்பாற்றியவன் இன்னொருவன். இருவருக்கும் ஒரே தீர்ப்பா? பணம் கொடுத்துச் சான்று வாங்குவது பாவம் என்றே தெரியாமல், பாவத்திலிருந்து தப்பிக்கிறோம் என்று நினைத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களையும் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். விழுந்தவர்களைப் பற்றிய அவருடைய சொற்பொழிவில் இடி முழங்குகிறது. இந்தக் கடிதத்தில் குரல் தணிந்து, மனிதர்கள் ஒவ்வொருவராகத் தெரிகிறார்கள். எனக்கு இரண்டாவது சிப்ரியானைத்தான் பிடித்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குள், புதிய துன்பம் வரப்போகிறது என்ற அறிகுறி தெரிந்ததும், தவத்தில் இருந்த எல்லோரையுமே ஏற்றுக்கொள்ள ஆயர்கள் முடிவு செய்தார்கள். நற்கருணை இல்லாமல் ஒருவரை எப்படிப் போராட அனுப்புவது என்பது இப்போது அவர் வாதம்.

இதற்குள் ரோமிலும் உடைப்பு. 251-இல் கொர்னேலியு ஆயரானார். விழுந்தவர்களுக்கு மன்னிப்பே கூடாது என்ற நோவேஷியன் எதிர் ஆயரானார். கார்த்தேஜில் நிலைமை இன்னும் விசித்திரம்: கண்டிப்பு போதாது என்று ஒரு எதிர் ஆயர், கண்டிப்பு கூடுதல் என்று இன்னொரு எதிர் ஆயர், நடுவில் சிப்ரியான். ஒரே ஊரில் மூன்று ஆயர்கள். திருச்சபையின் ஒற்றுமை பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலை இந்தச் சூழலில் வைத்துப் படிக்க வேண்டும். திருச்சபையைத் தாயாகக் கொள்ளாதவர் கடவுளைத் தந்தையாகக் கொள்ள முடியாது என்ற வரி அதில்தான் வருகிறது. ஆயர் பணி ஒன்றே, ஒவ்வொரு ஆயரும் அதில் ஒரு துண்டை அல்ல, முழுமையையும் கூட்டாக உடையவர் என்பது அவர் வகுத்த இலக்கணம். அந்த நூலின் நான்காம் அதிகாரம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில், ரோம் ஆயர்கள் தங்களை யாருடைய வாரிசு என்கிறார்களோ அந்தப் பேதுருவின் முதன்மை அழுத்தமாகவே வருகிறது, மற்றொன்றில் அடக்கி வாசிக்கப்படுகிறது. ரோம் சார்பாளர்கள் பின்னால் செருகினார்கள் என்று ஒரு தரப்பு நெடுங்காலம் வாதாடியது. இரண்டுமே சிப்ரியான் எழுதியவைதான், ரோமோடு மோதல் வந்தபோது தானே திருத்தினார் என்பது இன்று பலர் ஏற்கும் கருத்து.

அந்த மோதலுக்கு முன்னால் கொள்ளைநோய் வந்தது. அவர் விவரித்ததால் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள், பாவம். வயிற்றுப்போக்கு, தொண்டைப் புண், இடைவிடாத வாந்தி, இரத்தம் கட்டிச் சிவந்த கண்கள், அழுகும் கைகால்கள், போகும் பார்வை, கேட்காத காது என்று அவர் அடுக்கும் அறிகுறிகளை வைத்து அது என்ன நோய் என்று இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் வாதிடுகிறார்கள். தெருவில் பிணங்கள் கிடந்தபோது, நம்மவர்களுக்கு மட்டும் செய்தால் போதாது, நம்மைத் துன்புறுத்தியவர்களுக்கும் செய்ய வேண்டும் என்று சபையைத் திரட்டினார் என்கிறார் போந்தியுஸ். பக்கத்து மாநிலமான நுமிடியாவில் கொள்ளைக்கூட்டத்தார் கிறிஸ்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது கார்த்தேஜ் சபை ஒரு லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) வசூலித்து மீட்புப் பணமாக அனுப்பியது. கூடவே கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல், அவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி. கணக்கு வழக்கில் சிப்ரியான் எப்போதும் கறார்.

254-இல் ஸ்தேவான் ரோம் ஆயரானதும் அடுத்த சண்டை. நோவேஷியன் குழுவில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் திருச்சபைக்கு வந்தால், மறுபடி திருமுழுக்குக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம், கைவைத்து ஏற்றுக்கொண்டால் போதும், அதுதான் மரபு என்றார் ஸ்தேவான். அது மறு திருமுழுக்கே அல்ல, அவர்களிடம் பெற்றது திருமுழுக்கே இல்லையே என்றார் சிப்ரியான். தூய ஆவியார் திருச்சபைக்குள் இருக்கிறார் என்றால் வெளியே நின்று கொடுத்தது எப்படிச் செல்லும்? உண்மை இல்லாத வழக்கம் பழமைப்பட்ட தவறுதான் என்று மரபு வாதத்தையும் ஒரே வரியில் தள்ளிவிட்டார். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று இன்றுவரை மேடையில் முழங்கப்படும் வாசகமும் இந்தச் சண்டையில் எழுதிய ஒரு கடிதத்தில் இருந்து வந்ததுதான். 256 செப்டம்பர் 1-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் 87 ஆயர்களின் கருத்து ஒவ்வொன்றாகப் பதிவானது. எல்லாமே சிப்ரியான் பக்கம். இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவிலிருந்து பிர்மிலியான் என்ற மூத்த ஆயர் ஸ்தேவானைக் காய்ச்சி எடுத்து ஒரு கடிதம் எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து போன தூதர்களை ஸ்தேவான் பார்க்க மறுத்ததோடு, தங்க இடம் கொடுக்கவும் விடவில்லை என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

முடிவில் வென்றது ஸ்தேவானின் கருத்துதான். 314-இல் இன்றைய பிரான்சின் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம், மூவொரு கடவுள் பெயரால் திருமுழுக்குப் பெற்றவருக்கு மறுபடி கொடுக்கும் வழக்கத்தை ஆப்பிரிக்கர்கள் விட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு இன்னொரு சபை மறுபடி கொடுப்பதைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்கும்போது இந்தப் பழைய கடிதங்கள் ஞாபகத்துக்கு வரும். காரணம் வேறு, அங்கே பேச்சு குழந்தைத் திருமுழுக்கைப் பற்றி. ஆனால் கேள்வியின் அடி ஒன்றுதான்: செல்லுமா செல்லாதா என்று யார் சொல்வது?

ஸ்தேவான் 257 ஆகஸ்ட் மாதம் இறந்தார். அந்த மாதக் கடைசியிலேயே பேரரசர் வலேரியன் ஆணையின்படி சிப்ரியான் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். குருக்களின் பெயரைச் சொல் என்றார் ஆளுநர். காட்டிக்கொடுப்பவர்கள் கூடாது என்று உங்கள் சட்டமே நன்றாக விதித்திருக்கிறதே, அதனால் என்னால் சொல்ல முடியாது என்றார் பழைய பேச்சாளர். குருபிஸ் என்ற கடலோர ஊருக்கு நாடு கடத்தினார்கள்; இன்றைய கோர்பா. அடுத்த ஆண்டு ஆணை கடுமையானது: ஆயர், மூப்பர், திருத்தொண்டர் எல்லோருக்கும் மரணம். ரோமில் ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸ் கொல்லப்பட்டார். சிப்ரியான் இப்போது மறுபடி ஒளிந்தார்! ஆளுநர் தங்கியிருந்த உத்திக்கா ஊருக்கு அழைத்துப் போக ஆள் வருகிறது என்று தெரிந்து மறைந்தார். ஆயர் தன் சொந்த ஊரில், தன் மக்கள் நடுவில்தான் அறிக்கையிட்டு இறக்க வேண்டும் என்று விளக்கம் எழுதினார். ஆளுநர் கார்த்தேஜ் வந்ததும் தன் தோட்டத்துக்குத் திரும்பி வந்து காத்திருந்தார்.

258 செப்டம்பர் 14. நடந்து வந்ததில் உடை வியர்வையில் நனைந்திருந்தது. முன்பு கிறிஸ்தவனாக இருந்த ஒரு படைவீரன், உலர்ந்த துணி தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்றான். அந்த ஈரத் துணியைத் தான் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை அவனுக்கு என்கிறார் போந்தியுஸ். இன்றோடு போகப்போகிற தொல்லைக்கு மருந்து எதற்கு என்று சிப்ரியான் மறுத்தார். விசாரணை சில வரிகள்தான். பலியிடு. மாட்டேன். யோசித்துக்கொள். இவ்வளவு தெளிவான விஷயத்தில் யோசிக்க எதுவும் இல்லை. தீர்ப்பை வாசித்ததும், "கடவுளுக்கு நன்றி" என்றார். தன் தலையை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். பகலில் பிறமதத்தவர் கூட்டம் மொய்த்ததால், இரவில் தீப்பந்தங்களோடு எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள்.

அரை நூற்றாண்டுக்குள் பேரரசர் டயோக்லீஷியன் காலத்துத் துன்பம் அதே கேள்வியை மறுபடி கொண்டுவந்தது. இந்த முறை தவறு, வேதப்புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. ஒப்படைத்தவர்களோடு சேர்ந்தவர்கள் கொடுக்கும் திருமுழுக்குச் செல்லாது என்று பிரிந்துபோன ஆப்பிரிக்கக் குழுவான தொனாத்தியர்கள், சிப்ரியானையும் 256 சங்கத்தையும் ஆதாரமாக நீட்டினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியது சரிதான். சிப்ரியான் அப்படித்தான் சொன்னார். கி.பி. 400 வாக்கில் ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் இதற்குப் பதில் சொல்ல ஏழு பாகங்கள் எழுத வேண்டியிருந்தது. கடைசிப் பாகங்களில் அந்தச் சங்கத்தின் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு மறுக்கிறார். சிப்ரியான் இதில் தவறினார் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சங்கத்தைத் தொடங்கும்போது அவர் பேசியதை விடாமல் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்: மாறுபட்டு நினைக்கும் யாரையும் நாம் ஐக்கியத்திலிருந்து விலக்கப் போவதில்லை. தொனாத்தியர்கள் சிப்ரியானின் முடிவை எடுத்துக்கொண்டார்கள், அகுஸ்தீன் அவருடைய முன்னுரையை எடுத்துக்கொண்டார். இரு தரப்பும் அவரைத் தங்கள் மறைசாட்சி என்றே கொண்டாடின.